கலவையிலிருந்து காட்டை எடுத்துவிட்டீர்கள்: கொள்முதல் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொட்டைக் கலவை தயாரித்து விற்கும் நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம், நான் 11 ஆண்டுகள் தரப் பரிசோதனையிலும் கொள்முதலிலும் வேலை பார்த்த நிறுவனம், தன் விநியோகஸ்தர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நாலே வரி. பிரேசில் கொட்டையின் வரத்து நம்பத்தகுந்ததாக இல்லை, ஆகவே எல்லாக் கலவைகளிலிருந்தும் அதை நிரந்தரமாக நீக்குகிறோம், அந்த இடத்தை முந்திரியும் மக்கடேமியாவும் நிரப்பும். இவ்வளவுதான் விஷயம். ‘இந்த ஆண்டு மட்டும்’ என்று போட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. ‘நிரந்தரமாக’ என்று போட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிக் கேட்டேன். ‘உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்’ என்று ஒரு வரி வந்தது. சரி, தமிழில் எழுதுகிறேன். உங்கள் கொள்முதல் மேசைகளிலும் ஆய்வகங்களிலும் தமிழ் படிக்கிறவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். மற்ற நிறுவனங்களும் இதே முடிவை மேசையில் வைத்துக்கொண்டு யோசிப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குச் சண்டை ‘நம்பத்தகுந்ததாக இல்லை’ என்ற அந்த வார்த்தையோடுதான்.

நாகலிங்கப் பூவைப் பார்க்காத தமிழர் குறைவு. அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அமேசான் காட்டின் பிரேசில் கொட்டை மரத்துக்கு அது பங்காளி, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நாகலிங்கப் பூவில் பாம்பு படமெடுத்தது போல ஒரு கவிப்பு இருக்கிறதே, அதே மாதிரி ஒரு கவிப்பு பிரேசில் கொட்டைப் பூவிலும் உண்டு. ஆனால் இதில் அது இறுக மூடிக்கொண்டிருக்கும். சாதாரணத் தேனீயால் அதைத் தூக்க முடியாது. ஆர்க்கிட் தேனீ, தச்சுத் தேனீ போன்ற பெரிய உடம்பும் தெம்பும் உள்ள தேனீக்கள்தான் அதை நெம்பி உள்ளே போகும். மரம் ஆண்டுக்கு ஒரு முறை, சில மாதங்களே பூக்கிறது. மிச்ச மாதங்களுக்கு அந்தத் தேனீக்களுக்கு வேறு பூ வேண்டும், கூடு கட்ட வேறு இடம் வேண்டும். அதாவது காடு வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துத்தான் வைத்திருந்தேன். பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் பேருந்தில் போகும்போதுதான் புரிந்தது. சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் மேய்ச்சல் நிலம், வெள்ளை மாடுகள், நடுநடுவே தனியாக நிற்கும் ராட்சத மரங்கள். பிரேசிலில் இந்த மரத்தை வெட்டக் கூடாது என்று 1994இல் அரசாணை வந்தது. சுற்றியிருந்த காட்டை எரித்தவர்கள் சட்டத்துக்குப் பயந்து இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருந்தவர் ரப்பர் பால் இறக்கியவரின் மகன். ‘அதெல்லாம் நிற்கிற பிணம்’ என்றார். தேனீ இல்லாமல் காய் பிடிப்பதில்லை, தீயும் காற்றும் ஒவ்வொன்றாகச் சாய்த்துவிடும், கன்று முளைத்தாலும் மாடு மிதித்துவிடும்.

தோட்டமாக வைத்தும் பார்த்தார்கள். பெரிய அளவில் கைகூடவில்லை. உலகச் சந்தைக்கு வருகிற பிரேசில் கொட்டை ஏறத்தாழ முழுவதும் இன்றும் காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்துதான் வருகிறது. இந்த அளவில் விற்பனையாகும் கொட்டைகளில் இது அபூர்வம். (பெயர்தான் பிரேசிலுக்கு. ஓடு நீக்கிய பருப்பு ஏற்றுமதியில் பொலிவியாதான் முன்னணி. பொலிவியாக்காரர்கள் இதை ‘அல்மேந்திரா’ என்கிறார்கள், அதாவது பாதாம். பெயர் வைப்பதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.)

இப்போது கணக்குக்கு வருகிறேன். பூ காயாகி, முற்றி, கீழே விழ ஏறத்தாழ 15 மாதம் ஆகும். ஆண்டுக் கடைசியில் பூக்கிறது. அடுத்த ஆண்டு முழுக்கக் கிளையிலேயே தொங்குகிறது. அதற்கடுத்த ஜனவரி, பிப்ரவரி மழையில் விழுகிறது. 2015 கடைசியில், பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வந்து அமேசானில் கடும் வறட்சி. அப்போது பூத்ததுதான் 2017 தொடக்கத்தில் விழ வேண்டிய காய். விழவில்லை. பொலிவியா, பெரு, பிரேசில் மூன்றிலும் அந்த அறுவடை படுத்தது, பல இடங்களில் வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. 2023இல் மறுபடி எல் நினோ, மறுபடி வறட்சி. 2025 தொடக்கத்தில் மறுபடி தட்டுப்பாடு. கணக்குப் பிசகவே இல்லை. மரம் 15 மாதம் முன்பே சொல்லிவிடுகிறது. இதைவிடப் பெரிய முன்னறிவிப்பு எந்தப் பயிர் தரும்? முந்திரி பூவிட்டுக் காயாக இரண்டு, மூன்று மாதம். அதை ‘நம்பத்தகுந்தது’ என்கிறீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்குச் சொன்னார்கள். 2016 ஆகஸ்ட். பொலிவியாவில் பெனி நதியும் மாத்ரே தே தியோஸ் நதியும் சேரும் இடத்தில் இருக்கும் ரிபெரால்தா ஊரிலிருந்து, எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஒருவர் மின்னஞ்சல் போட்டிருந்தார். கூடவே ஒரு படம், அண்ணாந்து எடுத்தது. மரத்தின் உச்சி, பின்னால் வெள்ளை வானம். ‘எண்ணிப் பாருங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். நான் எண்ணவில்லை. அதை ‘சந்தைத் தகவல்’ என்ற கோப்புறையில் போட்டுவிட்டு, வழக்கமான அளவுக்கு ஆர்டர் போட்டேன். ஆறு மாதம் கழித்து விலை ஏறியபோது, ‘திடீர்த் தட்டுப்பாடு’ என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதியவனும் நானேதான். திடீர் என்ற சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் நடந்தது இதைவிட மோசம். 2017இல் விலை எகிறியதும் நாமெல்லாம் கலவையை மாற்றினோம். மழை சரியாகி, 2018இல் காய் மீண்டது. காட்டுக்குள் போனவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்தார்கள். வாங்க ஆள் இல்லை. கலவையின் செய்முறையை மாற்றி, பாக்கெட்டை அச்சடித்து, லேபிளுக்கு ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது, இனி ஒரு கொட்டைக்காகத் திருப்பி மாற்ற முடியாது என்றோம். விலை சரிந்தது. ரிபெரால்தாக்காரருக்கு ‘இந்த ஆண்டு எங்களுக்குத் தேவை இல்லை’ என்று நான்தான் எழுதினேன். அவர் படம் எதுவும் அனுப்பவில்லை. ‘மரத்தில் இருந்தது’ என்று ஒரு வரி பதில் வந்தது.

ஆக, காய் இல்லாத ஆண்டில் விற்க அவர்களிடம் சரக்கு இல்லை, காய்த்த ஆண்டில் விலை இல்லை. ஒரே வறட்சிக்கு இரண்டு அடி. முதல் அடி வானத்தால். இரண்டாவது நம்மால்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின ஆண்டு, பெருவின் மாத்ரே தே தியோஸ் பகுதியில் ஒரு குடும்பத்தோடு ஐந்து நாள் காட்டுக்குள் இருந்தேன். பெருவில் இந்த மரங்கள் இருக்கும் காட்டைக் குடும்பங்களுக்கு 40 ஆண்டு உரிமமாகத் தருகிறார்கள், 2000ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஆயிரத்துக்குமேல் உரிமங்கள், எல்லாம் சேர்த்தால் பத்து லட்சம் ஹெக்டேர் அளவில் வரும். எண்ணாகச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்றாவது மரத்தை அடையும்போது எனக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது.

அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒவ்வொரு மரத்தையும் நெருங்குவதற்கு முன் நின்றார். காற்று அடிக்கிறதா என்று பார்த்தார். தேங்காய் அளவில், சில இரண்டு கிலோவுக்கு மேல்கூட இருக்கும் காய், 40, 50 மீட்டர் உயரத்திலிருந்து விழும். (காயை அங்கே ‘கோகோ’ என்கிறார்கள். தேங்காய்க்கும் அதே பெயர்தான்.) ஒன்று தலையில் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் பெரும்பாலான காய் விழுந்து முடியும்வரை பொறுத்திருந்துதான் காட்டுக்குள் போவார்கள். மழையிலும் காற்றிலும் மரத்தடிக்குப் போக மாட்டார்கள். ஆனால் காட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் அரிசியும் எண்ணெயும் செலவாகிக்கொண்டே இருக்கும். பொறுமைக்கும் விலை உண்டு.

குனிந்து எடுக்க மாட்டார்கள், இலைச் சருகுக்குள் பாம்பு இருக்கும். நுனியை நாலாகப் பிளந்த ஒரு நீளக் குச்சி. அதைக் காயின்மேல் அழுத்தினால் விரல் மாதிரி கவ்விக்கொள்ளும். அப்படியே தோளுக்குமேல் ஒரு வீசு வீசினால் முதுகில் இருக்கும் கூடையில் விழும். பார்க்காமலே வீசுவார்கள். நான் முயன்றதில் மூன்று காய் என் பிடரியில் பட்டன. பெரியவரின் மருமகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, உட்கார்ந்து, வெட்டுக்கத்தியால் ஒவ்வொன்றாகப் பிளப்பார்கள். காயின் நுனியில் சின்ன மூடி மாதிரி ஒன்று இருக்கிறது. அது திறந்தாலும் அந்த ஓட்டை வழியாகக் கொட்டை வராது, ஓட்டை அவ்வளவு சிறியது. உள்ளே 10 முதல் 25 கொட்டைகள், ஆரஞ்சுச் சுளை மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும். காட்டில் அதைப் பல்லால் திறக்கக்கூடிய முக்கியப் பிராணி பெரிய எலி போன்ற அகூட்டிதான். தின்றது போக மிச்சத்தை அங்கங்கே புதைத்துவைக்கும். புதைத்த இடத்தை மறந்துபோனால் அடுத்த மரம்.

மாலையில் ‘பாரிக்கா’ கணக்கில் மூட்டை கட்டினார்கள். ஒரு பாரிக்கா சுமார் 70 கிலோ. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு சேற்றில், வேர்களுக்குமேல், ஓடைக்குக் குறுக்கே போட்ட ஒற்றை மரத்தில் நடந்தான் 19 வயதுப் பேரன். நான் என் தண்ணீர்ப் பாட்டிலையும் காமிராவையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்றிரவு பெரியவரிடம் விலை என்ன என்று கேட்டேன். நான் வாங்குகிற பக்கத்து ஆள் என்று அவருக்குத் தெரியும். ‘அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லையே’ என்றார்.

உங்களில் பலருக்கு இது தெரியாது, எனக்கும் அன்றுவரை சரியாகத் தெரியாது. காட்டுக்குள் போகுமுன் அரிசி, சர்க்கரை, எண்ணெய், பேட்டரி, படகுக்கு டீசல் எல்லாம் வேண்டும். கையில் காசு இருக்காது. தரகர் முன்பணமாகவோ சாமானாகவோ தருவார். ‘அபிலித்தோ’ என்று பெயர். தரகருக்குக் கொட்டை உடைக்கும் ஆலை தருகிறது, ஆலைக்கு ஏற்றுமதியாளர், ஏற்றுமதியாளருக்கு நாம். நாம் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டால் சங்கிலி முழுவதும் தள்ளிப்போகும். விலை மட்டும் கடைசியில்தான் தெரியும். காய் குறைந்தால் கடன் அடுத்த ஆண்டுக்குப் போகும். விலை எகிறினாலோ, முன்பணம் வாங்கும்போது பேசிய விலைக்கே கொடுத்தாக வேண்டியவர்கள் ஏராளம். 2017இன் அந்தப் பெரிய விலையில் காட்டுக்குள் போனவர் கைக்கு எவ்வளவு போனது என்று நம்மில் யாராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை.

உங்கள் பதில்கள் எனக்குத் தெரியும், அவற்றை எழுதிக் கொடுத்ததே நான்தானே.

அஃப்லாடாக்சின் என்பீர்கள். பூஞ்சை நச்சு சின்ன விஷயம் இல்லை, ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் அதைத்தான் பார்த்தேன். 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் பிரேசிலிலிருந்து ஓட்டோடு வரும் கொட்டைக்குக் கடும் நிபந்தனை போட்டது. 2010இல் வரம்பைத் திருத்தி, நேரடியாகச் சாப்பிடும் பிரேசில் கொட்டைக்கு மொத்தம் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்தது. வரம்பு இருக்கட்டும், அவசியம் இருக்கட்டும். ஆனால் பூஞ்சை எங்கே வளர்கிறது? ஈரக் கொட்டை காட்டுக் கொட்டகையில் வாரக்கணக்கில் குவிந்து கிடக்கும்போது. ஏன் குவிந்து கிடக்கிறது? விலை தெரியாததால் படகு வருவதில்லை. தரையிலிருந்து உயர்த்திய, கூரை போட்ட உலர்த்து மேடையில் பரப்பிக் கிளறிவிட்டாலே பெரும்பகுதி சரியாகிவிடும். மேடைக்குப் பலகை வாங்கக் காசு வேண்டும். நிராகரிப்பு அறிக்கையில் நான் எத்தனையோ முறை ‘ஈரப்பதம் அதிகம்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ஈரப்பதத்தில் நம் தாமதமும் இருந்தது.

குழந்தைத் தொழிலாளர் என்பீர்கள். உண்மை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பட்டியலில் பொலிவியாவின் பிரேசில் கொட்டை, குழந்தை உழைப்பு, கட்டாய உழைப்பு இரண்டுக்கும் இடம்பெற்றிருக்கிறது. ரிபெரால்தாவின் உடைப்பாலைக்குள் நின்றிருக்கிறேன். வேகவைத்த கொட்டையை ஒவ்வொன்றாக இரும்பு நெம்புகோல் கருவியில் வைத்து, ஒரு கையால் அழுத்தி, மறு கையால் பருப்பை உருவ வேண்டும். பெரும்பாலும் பெண்கள். விடியுமுன்பே தொடங்கும் வேலை. முழுப் பருப்பு கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, நொறுங்கினால் குறையும். கிலோக் கணக்கில் கூலி வைத்தால், கைக்கு உதவியாகப் பிள்ளையைக் கூட்டி வருவது எங்கேயும் நடக்கும். நொறுங்கல் அதிகம் என்று விலையைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் குறைப்பு ஆலை முதலாளியோடு நிற்காது, நேராக அந்தப் பெண்ணின் கருவிவரை போகும் என்று தெரிந்தேதான் போட்டேன். பட்டியலைக் காட்டி வெளியேறினால் நம் கை சுத்தமாகிவிடும். அந்தப் பிள்ளை எங்கே போகும் என்பதற்கு அந்தச் சுற்றறிக்கையில் வரி இல்லை.

ரொம்பப் பொறுக்கினால் கன்று முளைக்காது, காடு கிழடாகிவிடும் என்று சூழலியலாளர் கார்லோஸ் பெரெஸ் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுவீர்கள். அமேசானில் 23 இடங்களைப் பார்த்து, நெடுங்காலமாகத் தொடர்ந்து பொறுக்கிய காடுகளில் இளமரங்கள் மிகக் குறைவு என்றார்கள். அதை நான் மறைக்கப்போவதில்லை. பின்னால் வந்தவர்கள், மனிதர் பயிர்செய்து விட்டுப்போன தரிசுகளில் கன்று நன்றாக வருவதையும் பார்த்திருக்கிறார்கள். எதுவானாலும், கொஞ்சத்தை விட்டுவைக்க வேண்டும், கன்றைப் பார்த்து வேலி கட்ட வேண்டும். 500 ஆண்டு நிற்கக்கூடிய மரத்துக்குக் கன்று வளர்ப்பவர் அடுத்த ஆண்டாவது வாங்க ஆள் இருக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நாளைக்கு வாங்குவீர்களா என்றே தெரியாதவர் இன்றைக்குக் கிடைப்பதை முழுக்கப் பொறுக்கத்தான் செய்வார்.

மக்கடேமியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள்தான் அதைக் கொண்டு வந்தீர்கள். அதுவும் மழைக்காட்டு மரம்தான், கிழக்கு ஆஸ்திரேலியாவில். ஹவாய்க்குப் போய்த் தோட்டப் பயிரானது, பிறகு உலகெங்கும் பரவியது. காட்டை நம்பியிருக்க வேண்டிய அவசியம் சந்தைக்கு இல்லாமல் போனது. இன்று காட்டில் மிச்சமிருக்கும் நான்கு மக்கடேமியா இனங்களுமே அழியும் ஆபத்தில் இருக்கிறவை. பிரேசில் கொட்டை விஷயத்தில் இன்னும் அந்த நிலை வரவில்லை, மரம் தோட்டத்துக்கு இணங்காததால். காட்டோடு சேர்ந்துதான் வருவேன் என்கிற கொட்டையை நீங்கள் அதற்காகவே தள்ளுகிறீர்கள்.

காட்டுக்காரர் உங்களை விட்டால் என்ன செய்வார் என்று கேட்டால், மாத்ரே தே தியோஸில் பதில் ரொம்பத் தூரத்தில் இல்லை. பெரியவரின் இரண்டாவது மகன் அந்த ஐந்து நாளும் வரவில்லை. ஆற்றங்கரைத் தங்கச் சுரங்கத்துக்குப் போயிருந்தான், உரிமமில்லாத சுரங்கம். காட்டைச் சுரண்டித் தள்ளி, மண்ணைக் கழுவி, பாதரசம் போட்டுப் பொன் எடுக்கிற வேலை. தினமும் கூலி கையில் வந்துவிடும், 15 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர் அவனைத் திட்டவே இல்லை. ‘அவனுக்கு நேற்றைய விலை நேற்றே தெரிந்துவிடும்’ என்றார்.

ரப்பர் பால் இறக்குவோரின் தலைவர் சிக்கோ மெண்டிஸ் 1988 டிசம்பர் 22 அன்று ஆக்ரியின் ஷப்புரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மரத்தை வெட்டாமல் அதன் பாலிலும் கொட்டையிலும் பிழைக்க முடியும், அப்படிப் பிழைப்பவர்களிடமே காட்டை விட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அவருக்குப் பிறகு பிரேசிலில் அப்படிப்பட்ட காப்புக்காடுகள் வந்தன. நம் நிறுவனத்தின் வரவேற்பறையில் அவர் படம் மாட்டியிருந்தோம். இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

இனி நான் கேட்பது.

சுற்றறிக்கையில் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இந்த அறுவடைக்கு’ என்று மாற்றுங்கள். மற்ற நிறுவனங்கள் அந்தச் சொல்லை எழுதாமலே இருங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு பேரம் பேசுவதை நிறுத்தி, குறைந்தது மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள். அளவைக் கல்லில் செதுக்க வேண்டாம். இத்தனை டன்னிலிருந்து இத்தனை டன்வரை என்று இடைவெளி விடுங்கள், காய் குறைந்த ஆண்டில் கீழ் எல்லை, கூடிய ஆண்டில் மேல் எல்லை. விலைக்கு ஒரு தரைமட்டம் வையுங்கள், அதற்குக் கீழே போகக் கூடாது. கோகோவுக்கும் காபிக்கும் உங்களில் சிலர் ஏற்கெனவே செய்வதுதான், புதிதாக எதுவும் கேட்கவில்லை.

கலவையின் செய்முறையை அறுவடைக்கேற்ப நெகிழ விடுங்கள். ‘கொட்டைகளின் விகிதம் அறுவடையைப் பொறுத்து மாறும்’ என்று பாக்கெட்டில் ஒரு வரி அச்சிட்டால், அடுத்த முறை காய் குறையும்போது லேபிளைக் காரணம் காட்டி யாரும் வெளியேற வேண்டியிருக்காது. வாங்குகிறவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். மாம்பழம் எல்லா மாதமும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள், மரத்தடியில் நிற்பவர்களிடம் காய் எப்படி என்று கேளுங்கள். சும்மா கேட்காதீர்கள், அந்தத் தகவலுக்குக் காசு கொடுங்கள். வந்த படத்தைக் கோப்புறையில் போடாமல் எண்ணிப் பாருங்கள்.

உலர்த்து மேடைக்கென்று டன்னுக்கு ஒரு தொகை தனியாகக் கொடுங்கள், விலையோடு கலக்க வேண்டாம். நொறுங்கலுக்கு விலை குறைக்கும் விதியை, உடைப்பவரின் கூலியைத் தொடாதபடி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பினால் விடியற்காலை மூன்று மணிக்கு அனுப்புங்கள், பகல் பதினொரு மணிக்கு வேண்டாம். நான் போனதெல்லாம் பகல் பதினொரு மணிக்குத்தான்.

இதில் எதுவும் முடியாது என்று முடிவெடுத்தால், ஒன்றாவது செய்யுங்கள். சுற்றறிக்கை அனுப்பிய நிறுவனத்தின் புதிய பாக்கெட்டைக் கடையில் எடுத்துப் பார்த்தேன். பொருள் பட்டியலில் பிரேசில் கொட்டை இல்லை. முன்பக்கத்தில் மழைக்காட்டுப் படம் அப்படியே இருக்கிறது, மேலே பனிமூட்டம், கீழே ஆறு. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

முடிவு எதுவானாலும் அக்டோபருக்குள் சொல்லிவிடுங்கள். நவம்பரில் முன்பணம் கைக்கு வந்தால்தான் டிசம்பரில் படகுக்கு டீசல் போட முடியும். ரிபெரால்தாவிலும் மாத்ரே தே தியோஸிலும் அடுத்த அறுவடைக்கான காய் இப்போதே கிளையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.